பதினான்காம் எண் வீட்டில் எத்தனை பேர்

ஜூன் 8, 2020. திங்கள்

பார்லர் பூட்டியது பூட்டியபடி கிடக்கிறது. திறக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்தான். ஆனால் இந்த நேரத்தில் எவள் தன் முகத்தை இன்னொருத்தி கையில் கொடுப்பாள்? அதனால் இன்று முதல் நான் மாநகராட்சிக்குக் காய்ச்சல் கணக்கெடுப்பவள். வேலாயுதம் தெருவும் அதன் குறுக்குச் சந்தும் எனக்கு. மொத்தம் தொண்ணூற்றிரண்டு வீடு. தினமும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, வீட்டில் எத்தனை பேர், யாருக்காவது காய்ச்சல், சளி, இருமல், உடம்பு வலி உண்டா என்று கேட்க வேண்டும். ஒவ்வொருவர் நெற்றிக்கு நேராகவும் டெம்பரேச்சர் கன்னைப் பிடித்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலில் மஞ்சள் தண்ணீர் பக்கெட்டோடு அம்மா. "கலெக்டரம்மா வந்தாச்சா? அங்கயே நில்லு எழிலு. குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்."

பதினாறு வருஷம் முகம் பார்த்தவளுக்கு இனி நெற்றி மட்டும்தான். பார்லரின் பழைய அப்பாயின்ட்மென்ட் நோட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அதில்தான் இதை எழுதுகிறேன்.

ஜூன் 9, செவ்வாய்

தெரு தூக்கத்தில் நடப்பது போல இருக்கிறது. ஒரு வேப்பமரம், அதன் கீழே உதிர்ந்த பழம், பழத்தைக் கொத்த வரும் காக்கை. வேறு போக்குவரத்து இல்லை.

சில வீடுகளில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார்கள். பதினான்காம் எண் வீடு அப்படியில்லை. தாமோதரன் என்பவர். கதவு தெருவிலேயே திறக்கும் சின்ன வீடு. சானிடைசர் நீட்டினார், குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்தார். "மூணு பேர் மேடம். எல்லாரும் நல்லா இருக்கோம்." தெரு முழுக்க மாஸ்க் வாங்கிக் கொடுத்தவர் இவர்தானாம். மனைவி பெயர் சுகிர்தா, குழந்தை இனியா, ஒன்றரை வயது.

"அவங்களையும் கூப்பிடுங்க சார், எல்லாருக்கும் பாக்கணும்" என்றேன்.

"அவ சமையல்ல இருக்கா. நான்தான் சொல்றேனே."

விதி விதிதான் என்று நின்றேன். வந்தாள். துப்பட்டாவைக் கண்ணுக்குக் கீழ்வரை சுற்றியிருந்தாள். 97.4. ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 11, வியாழன்

ஊரிலுள்ள பெண்களின் புருவமெல்லாம் காடாக வளர்ந்துவிட்டது. நூலை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கை அரிக்கிறது. பதினான்காம் எண்காரிக்கு இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. அப்படி எத்தனையோ பேருக்கு இருக்கும்.

ஜூன் 12, வெள்ளி

14: மூன்று பேர். எல்லாரும் நலம். அவரே சொன்னார்.

ஜூன் 15, திங்கள்

வெயில் நூற்றைந்து. வாசலுக்கு வந்த நெற்றியெல்லாம் காய்ச்சல் காட்டுகிறது. வெயில் நேரத்தில் மணிக்கட்டில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் கையை நீட்டினார்கள், ஏதோ ஜோசியம் பார்க்க வந்தவள் மாதிரி.

சுகிர்தா கையை நீட்டவில்லை. தாமோதரன் சிரித்தார். "காட்டு, மேடம் வெயில்ல நிக்கறாங்க இல்ல?"

மணிக்கட்டின் ஒரு பக்கம் நான்கு விரல் தடம், மறுபக்கம் ஒரு விரல் தடம். நீலம். பட்டு இரண்டு நாளுக்கு மேல் இராது. 97.9 என்று எழுதினேன்.

"உடம்பு வலி எதாவது இருக்கா?" இது எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் அவர். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

ஜூன் 16, செவ்வாய்

கனவு. பார்லரில் எல்லா நாற்காலியிலும் பெண்கள். யாருக்கும் நெற்றிக்குக் கீழே ஒன்றுமில்லை. எனக்கு முன்னால் இருந்தவள், "சீக்கிரம் வரைஞ்சு விடுங்க, நேரமாச்சு" என்கிறாள். பிரஷ்ஷை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

விழித்ததும் இந்த நோட்டின் முன் பக்கங்களைப் புரட்டினேன். 2018 டிசம்பர். தேடியது இருந்தது. அந்தப் பக்கத்துக்கு கிளிப் போட்டு மூடிவிட்டேன்.

ஜூன் 17, புதன்

14: சுகிர்தா, 100.8. வாசனை தெரியவில்லை, உடம்பு வலி.

காலையிலிருந்து கன்னின் பேட்டரி சரியில்லை. ஆனாலும் காட்டியதை எழுதத்தானே வேண்டும்.

ஜூன் 18, வியாழன்

காய்ச்சல் என்று எழுதினால் ஆம்புலன்ஸ் வந்து ஆளைக் கொரோனா முகாமுக்குக் கூட்டிப்போகும். கைக்குழந்தை தாயோடு போகலாம். போன வாரம் குறுக்குச் சந்தில் அப்படித்தான் நடந்தது. முகாமில் பெண்கள் வார்டு தனி. யாரும் பக்கத்தில் நின்று பதில் சொல்ல முடியாது.

இன்று வந்தது ஆம்புலன்ஸ் இல்லை. சளி எடுக்கும் வேன். முகாமில் இடமில்லையாம். வீட்டிலேயே மூவருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். பின்னாலேயே இரண்டு ஆட்கள் சவுக்குக் கட்டையும் தகரமும் கொண்டு வந்தார்கள். முடிவு வரும்வரை வீட்டை அடைக்க வேண்டும் என்றார்கள்.

"அவங்களுக்கு மட்டும்தானே காய்ச்சல்? அவங்கள மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

"யம்மா, ரூல தெரிஞ்சுக்கினு பேசு. வீடுன்னா வீடு மொத்தமும்தான்" என்றான் சுத்தியல்காரன்.

தெருவே மாடிகளிலிருந்து பார்த்தது. தாமோதரன் கதவுக்குள் நின்று சுகிர்தாவிடம் மெதுவாகத்தான் கேட்டார். "உனக்கு எப்ப காய்ச்சல் வந்துச்சு? எனக்குத் தெரியாம எப்ப வந்துச்சு?" கடைசித் தகரத்தை அடிக்கும்போது அவள் தலை குனிந்திருந்தாள். அவளை அந்த ஆளோடு சேர்த்து வைத்து நானே ஆணி அடித்துவிட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

இன்றிலிருந்து மறுபடி முழு ஊரடங்கு. அடைத்த வீட்டை நாளுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும், பால் காய்கறி கொடுக்க வேண்டும். நான் நான்கு தடவை போனேன். இரண்டு தகரத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அதில் அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. "மூணு பேர். நல்லா இருக்கோம். நீங்க எதுக்கு சும்மா சும்மா வர்றீங்க?"

தண்ணீர் பாட்டில் தரவில்லை.

ஜூன் 20, சனி

உள்ளே ஒரு தட்டு விழும் சத்தம். பிறகு குழந்தை. பிறகு குழந்தையின் சத்தமும் இல்லை. தகரத்தைத் தட்டினேன். "பால்! பால் வாங்கிக்கோங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காலையிலேயே பால் கொடுத்தாயிற்று. இருந்தாலும் கத்தினேன். கதவு திறக்கும் வரை கத்தினேன்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 21, ஞாயிறு. சூரிய கிரகணம்

காலை பத்தரைக்குத் தொடங்கும் என்று அம்மா தோசை மாவில்கூட தர்ப்பையைப் போட்டு வைத்திருந்தாள். "கெரகணத்துல எவளாச்சும் தெருவுல சுத்துவாளா?" சுத்தினேன்.

அந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது? வெயில் இருக்கிறது, சூடு இல்லை. வேப்பிலை இடுக்கு வழியாகத் தரையில் விழுந்த ஒளிப் பொட்டுகள் எல்லாம் கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு ஓரம் குறைந்திருந்தன. காக்கை கத்தவில்லை. ஆம்புலன்ஸ்கூட சைரன் போடாமல்தான் வந்தது.

என் மேலதிகாரி செல்வநாயகி மேடம் கையில் முடிவு. மனைவி, நெகட்டிவ். குழந்தை, நெகட்டிவ். தாமோதரன், பாசிட்டிவ்.

தகரத்தைப் பிரித்தார்கள். நீல உடுப்புக்காரர்கள் இருவர் அவரை ஆறடி தள்ளி நடத்திக் கூட்டிப்போனார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது அவர் முகத்தில் பயம் இருந்தது. சின்னப் பையன் பயம். பாவமாகக்கூட இருந்தது. அப்படி இருந்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

"பத்துப் பன்னெண்டு நாள்ல விட்ருவாங்க" என்றார் மேடம். "நல்ல வேளை, நீ குறிச்ச. இல்லாட்டி தெருவுக்கே குடுத்திருப்பாரு."

தகரத்தைத் திரும்ப அடித்தார்கள். இந்தத் தடவை அவர் வெளியே.

ஜூன் 22, திங்கள்

காலை வெயில் தகரத்தில் பட்டு எதிர்ச் சுவரில் தண்ணீர் மாதிரி ஆடுகிறது. இடைவெளி வழியாக இரண்டு குட்டி விரல்கள் வெளியே வந்து அந்த வெளிச்சத்தைக் காட்டின.

"வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்டேன். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் குரல் கேட்டது.

"ரெண்டு பேர் அக்கா."

பிறகு, "நேத்து ராத்திரி தூங்கினேன்" என்றாள்.

ஜூன் 24, புதன்

தெருவில் மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் பதினாலுக்குப் போகிறேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் உட்காருகிறாள். இந்தப் பக்கம் நான் என் பையைப் போட்டு உட்காருகிறேன். அவள் கீரை ஆய்வாள். நான் பதிவேடு எழுதுவேன். குழந்தை அங்கேயே தூங்கிவிடும். நேரம் எங்கே போகிறது என்றே தெரிவதில்லை. ஒரு பெரிய மீன்தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

இன்று சொல்லிவிட்டேன். காய்ச்சலை நான்தான் பொய்யாக எழுதினேன் என்று. ஆணி அடித்ததற்கு நான்தான் காரணம் என்று. அந்த மூன்று நாளுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

அவள் இன்னொரு கீரைத் தண்டை உடைத்துப் போட்டாள்.

"அந்த மூணு நாள் நடந்தத நான் சொல்லமாட்டேன்கா" என்றாள். "ஆனா அடிக்கறதுக்கு அவருக்குக் காய்ச்சல் ஒரு காரணம். அது இல்லாட்டி உப்பு."

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் வரவில்லை. அவளே சொன்னாள்.

"உங்கள மொத நாளே தெரிஞ்சிடுச்சு. மாஸ்க் போட்டா குரல் மாறிடுமா என்ன? எனக்கு வளைகாப்பு மேக்கப் நீங்கதான் போட்டீங்க."

கிளிப் போட்ட பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: சுகிர்தா, வளைகாப்பு, காலை எட்டு மணி. இடது தாடை, கூடுதல் கன்சீலர்.

காயத்தின் நீலத்துக்கு ஆரஞ்சுப் பூச்சு, பச்சைக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு ஊதா. இந்த ஏரியாவில் என்னைப்போல மறைக்க ஆளில்லை என்று பெயர். அன்று அவள் தாடையில் இருந்தது பச்சை. போட்டோவில் ஒரு துளி தெரியவில்லை. அவள் மாமியார் பேசிய பணத்துக்கு மேலேயே கொஞ்சம் கொடுத்தார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

"எங்க வீட்டாண்டயே ஒரு பார்லர் இருந்துச்சுக்கா. நான் வேணும்னுதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க நல்லாப் பேசுவீங்கன்னு சொன்னாங்க. எப்படி ஆச்சுன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

நான் அன்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "மேட்டா வேணுமா, கொஞ்சம் ஷைனிங்கா இருக்கலாமா?"

அழுதேன். மாஸ்க்குக்குள் அழுவது பெரிய அவஸ்தை.

ஜூன் 25, வியாழன்

அவர் வீட்டில் இல்லாதபோதும் அவள் தாடையில் பவுடர் பூசியிருக்கிறாள். பழக்கமாம். கழுவிவிட்டு வரச் சொன்னேன். இடைவெளியில் முகத்தை வைத்தாள். கண்ணுக்குக் கீழே நீலம், தாடையில் பச்சை. கழுத்தில் பழையது, மஞ்சள்.

இன்னும் ஒரு வாரத்தில் எல்லாம் மறைந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதை மறைக்கத்தான் இத்தனை காலம் பாடுபட்டிருக்கிறேன். இப்போது அது மறைந்தால் அவள் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

"மறையட்டுமே அக்கா. அவர் வர்றதுக்குள்ள மறைஞ்சா நல்லதுதானே" என்றாள்.

போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு இடைவெளி வழியாகக் கொடுத்தேன். "உனக்குப் பிடிச்சா உன் முகத்தப் போட்டோ எடு. இல்லாட்டி வேணாம்." அவள் போனை அவர் ஏப்ரலிலேயே உடைத்துவிட்டார். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பக் கொடுத்தாள். ஒன்பது படம். ஒவ்வொன்றிலும் தேதி இருக்கிறது.

ஜூன் 27, சனி

மறுபடி கவரில் போன். இன்று நூற்று எண்பத்தொன்றுக்குப் போட்டுக் கொடுத்தேன். பெண்களுக்கான உதவி எண். முதலில் நான் பேசி விவரம் சொன்னேன். பிறகு எதிர்முனையில் பேசிய அம்மா, "அவங்ககிட்ட குடுத்துட்டு நீங்க கொஞ்சம் தள்ளிப் போய்டுங்க. அவங்களா பேசட்டும்" என்றார்.

வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன். ஐம்பது நிமிடம். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கண் சொக்கியது. தகரத்துக்குப் பின்னால் அவள் குரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வார்த்தை புரியவில்லை. புரியாமல் இருந்ததுதான் நல்லது. போன் திரும்பி வந்தபோது சுட்டது.

அந்த அம்மா பிறகு என்னிடம் சொன்னார். வேன் தயார், தங்க இடம் தயார், டாக்டரும் வக்கீலும் அங்கேயே உண்டு. "ஆனா முடிவு அவங்களோடது. நீங்க வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்தறதுக்கு அவங்க வீட்லயே ஆள் இருக்கு."

ஜூன் 29, திங்கள்

தாமோதரன் பதின்மூன்றாம் எண் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். அவர்கள் மாடியிலிருந்து சுகிர்தாவிடம் கத்திச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வருகிறாராம். ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்து நிறைய யோசித்தாராம். மாறிவிட்டாராம்.

"அழுதாராம்கா. இனியாவுக்குப் பொம்மை வாங்கிட்டு வர்றாராம்." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். "கடைசியா ஒரு வாட்டி பாக்கலாமேன்னு தோணுது."

எனக்கு வாய் வரை வந்தது. என்னவெல்லாமோ வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரிம்மா. உன் இஷ்டம்" என்றேன். வீடு வரும் வழியெல்லாம் தனியாகப் பேசிக்கொண்டு வந்தேன். ஆள் நடமாட்டமே இல்லாத தெருவில் யார் கேட்கப்போகிறார்கள்?

ஜூன் 30, செவ்வாய்

இரண்டாவது பரிசோதனை முடிவு வந்தது. தாய், மகள் இருவரும் நெகட்டிவ். அதைச் சொல்லப் போனேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"அன்னிக்கு எடுத்த போட்டோவக் காட்டுங்க."

இடைவெளியில் போனைப் பிடித்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

"இது நானாக்கா?"

"நீதான்மா."

"காலைல கண்ணாடி பாத்தேன். ஒண்ணுமே இல்ல. முகம் நல்லா இருந்துச்சு. அதான் அவர் சொன்னத நம்பிட்டேன்." தாடையைத் தடவினாள். "எப்பவும் மறைஞ்சதும் நம்பிடுவேன்."

குழந்தை எதிர்ச் சுவரில் ஆடும் வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

"அவங்கள வரச் சொல்லுங்க" என்றாள்.

தகரத்தைத் திறக்க மேடம் கையெழுத்து வேண்டும். அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், பொய்க் காய்ச்சல் உட்பட. வேலை போனால் போகட்டும். மேடம் பதிவேட்டை எடுத்து ஜூன் 17 பக்கத்தைப் பார்த்தார். மூடினார்.

"பாசிட்டிவ் ஒண்ணு கெடச்சுது. அதுக்கு மேல நான் பாக்கல" என்றார். பேனாவை எடுத்தார். "எத்தனை மணிக்குத் திறக்கணும்?"

ஜூலை 1, புதன்

காலை பதினொரு மணி. தகரம் இறங்கியது. வேனில் வந்த இரண்டு பெண்களும் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு. மாடியிலிருந்து பார்த்த தெருவுக்கு அது இன்னொரு ஆஸ்பத்திரி வண்டி. யாரும் கிட்டே வரவில்லை. இந்தக் கொரோனா செய்த ஒரே உபகாரம்.

ஒரு பை, ஒரு குழந்தை. அவ்வளவுதான் சாமான். பவுடர் டப்பாவை ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்தாள். பத்து நாள் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் பார்த்தவளை முழுசாகப் பார்த்தபோது, நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தாள்.

குழந்தை சுவரைத் திரும்பிப் பார்த்தது. தகரம் இல்லாததால் வெளிச்சம் ஆடவில்லை. உதட்டைப் பிதுக்கியது.

வேன் படியில் ஏறியபின் சுகிர்தா சொன்னாள். "புருவம் காடா கெடக்கு அக்கா. பார்லர் திறந்ததும் வரேன்."

"வா" என்றேன்.

ஜூலை 2, வியாழன்

14: பூட்டியிருக்கிறது.

ஜூலை 3, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களை அன்றே பார்த்துக் குறிக்க வேண்டும். பதினாலுக்கு வேறு ஆளை அனுப்பட்டுமா என்று மேடம் கேட்டார். நானே போகிறேன் என்றேன். துணைக்கு ஒரு பெண் போலீஸ் தெருமுனையில் நின்றார்.

கதவு திறந்திருந்தது. தாமோதரன் நடுக்கூடத்தில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். கையில் நிஜமாகவே ஒரு பொம்மை, மஞ்சள் யானை. பதிவேட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க அவ?" என்றார்.

நான் என் வேலையைத்தான் செய்தேன். கன்னை நெற்றிக்கு நேரே பிடித்தேன். 97.8.

"உங்களுக்குத் தெரியும். எங்க போனா சொல்லுங்க."

"காய்ச்சல், சளி, இருமல், உடம்பு வலி எதாவது இருக்கா சார்?"

அவர் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தார். இல்லை என்று குறித்தேன். பிறகு தொண்ணூற்றிரண்டு வீட்டிலும் தினமும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

இதற்கு மட்டும் வீட்டுக்காரர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நாமாக எழுதக் கூடாது. பேனாவைக் கட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வேப்பம்பழம் ஒன்று ஓட்டில் விழுந்து உருண்டது. அவர் அறைப்பக்கம் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார், கையிலிருந்த யானையைப் பார்த்தார்.

"ஒருத்தன்" என்றார்.

எழுதிக்கொண்டு பதினைந்தாம் எண் வீட்டுக்குப் போனேன்.